‘பார்த்துக்கலாம்க்கா’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம்

குன்னூர் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்தது 1988-ல். ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு ஜனங்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த காலம். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. லைட்னிங் என்றால் கட்டணம் எட்டு மடங்கு. அதைக் கேட்கிறவர் குரலை வைத்தே சொல்லிவிடுவேன், அந்தப் பக்கம் சாவா, பிரசவமா, தேயிலை ஏலமா என்று. அப்புறம் எஸ்.டி.டி. வந்தது, ஆபரேட்டர் போர்டு போனது, என்னை 198 என்ற புகார் எண்ணில் உட்கார வைத்தார்கள். வருடக்கணக்கில் ‘போன் டெட்’ புகார் எழுதினேன். 2020 ஜனவரி கடைசியில் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டுக்கு வந்தேன். இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்குவதற்குள் ஊரடங்கு.

கடைகள் மூடியதும் பெட்ஃபோர்டு பக்கத்து நாய்களெல்லாம் எங்கள் தெருவுக்கு ஏறி வந்தன. சோறு வைத்தேன். அந்த வழியாகத்தான் நாய்க் காப்பகத்துக்காரர்கள் பழக்கமானார்கள். அவர்களிடம் நாயைத் தூக்க ஆள் இருந்தது, ஊசி போட ஆள் இருந்தது, கூண்டு கழுவக்கூட இரண்டு காலேஜ் பையன்கள் இருந்தார்கள். போன் பேசத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. “அக்கா, நீங்க எக்ஸ்சேஞ்ச்ல இருந்தவங்கதானே?” என்று ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார்கள். ஃபாஸ்டர் வீடு தேடும் வேலை அப்படித்தான் என்னிடம் வந்தது. இன்றுவரை அதே வேலைதான், நோட்டு மட்டும் ஐந்தாவது.

ஃபாஸ்டர் என்பதைத் ‘தற்காலிக வளர்ப்பு’ என்று தமிழில் எழுதி ஒரு நோட்டீஸ் அடித்துப் பார்த்தோம். ஒருவரும் கூப்பிடவில்லை. ‘குட்டிக்குக் கொஞ்ச நாள் இடம் வேணும்’ என்று கையால் எழுதி பேக்கரியில் ஒட்டியதும் நாலு போன் வந்தது.

பெரிய நாய்களுக்கு இந்த வேலை அதிகம் தேவைப்படாது. தெருநாயைப் பிடித்துக் கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, காதில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்பதுதான் அரசாங்கத்தின் 2001 விதிகளிலும் இருந்தது, 2023-ல் வந்த புது விதிகளிலும் இருக்கிறது. அது அதன் தெருவுக்குப் போய்விடும். சிக்கல் குட்டிகளோடுதான். இங்கே ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அது ஓய்ந்தால் மார்கழியில் உறைபனி. எங்களுக்குக் குட்டிகள் அதிகம் வருவதும் சரியாக அந்த மாதங்களில்தான். தேயிலைச் சாக்கில் கட்டி கேட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். கேரட் கழுவும் இடத்தில் கிடந்தது என்பார்கள், பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குப் பின்னால் என்பார்கள். காப்பகத்தின் தரை சிமெண்ட். எத்தனை சாக்கு விரித்தாலும் ஜில்லிப்பு ஏறும். தடுப்பூசி முடியாத குட்டியை எங்கெங்கிருந்தோ வந்த நாற்பது நாய்களுக்கு நடுவில் வைப்பதும், மழையில் வைப்பதும் ஒன்றுதான். ஆகவே வீடு வேண்டும். ஆறு வாரம், எட்டு வாரம், சிலதுக்கு மூன்று மாதம்.

வீடு என்று கேட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் 80 பேருக்கு மேல் இருக்கிறார்கள். குட்டி போட்டோ போட்டதும் இதயம் பறக்கும், அழுகிற பொம்மை பறக்கும், ‘ஐயோ செல்லம்’ என்று ஒரு டஜன். வீடு வருவது மூன்றோ நாலோ. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இதயம் போடுவது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் அதைப் பார்த்து வீடு இருக்கிறது என்று நம்பி நான் முதல் வருடம் ஏமாந்தேன்.

அப்புறம்தான் பழைய தொழில் கை கொடுத்தது. மெசேஜை விட்டுவிட்டுப் போன் போட ஆரம்பித்தேன். குரலில் எல்லாம் தெரியும். “வீட்ல கேட்டுச் சொல்றேன்க்கா” என்றால் வீட்டில் கேட்கப்போவதில்லை. “பார்த்துக்கலாம்க்கா” என்றால் வேண்டாம். “கண்டிப்பா! சூப்பர்! இப்பவே கொண்டாங்க!” என்று மூச்சு விடாமல் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்த வீட்டிலிருந்து மூன்றாம் நாள் குட்டி திரும்பி வரும், கூடவே அவமானப்பட்ட ஒரு முகமும் வரும். அப்புறம் அவர்கள் என்னைப் பார்த்தால் மார்க்கெட்டில் வேறு சந்தில் திரும்பிவிடுவார்கள். நிஜமான சம்மதத்தில் ஒரு ‘ஆனா’ இருக்கும். “எடுத்துக்கறேன், ஆனா வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையத்துல ஒரு கல்யாணம்.” “சரிக்கா, ஆனா மாமியாருக்கு நாய்ன்னா ஆகாது, பின்கட்டுலதான் வைக்கணும்.” இப்படி இடைஞ்சலைத் தானாகவே எடுத்துச் சொல்கிறவர் மனதுக்குள் குட்டியை ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டார். அவர் பெயருக்கு நேரே டிக் போடுவேன்.

தேதி சொல்வதில் வெலிங்டன்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது. அங்கே ராணுவ ஸ்டாஃப் காலேஜுக்கு வரும் அதிகாரிகள் குடும்பம் ஜூனில் வந்து ஏப்ரலில் கிளம்பிவிடும். “ஏப்ரல் 5 வரை என்னால் முடியும்” என்று முதல் போனிலேயே சொல்வார்கள். ஏப்ரல் 5 காலை பத்து மணிக்குக் குட்டி, அதன் போர்வை, மீதி மருந்து, எடை எழுதிய காகிதம் எல்லாம் வாசலில் நிற்கும். எனக்குத் தெரிந்து ஹிந்தி கொஞ்சம், அவர்களுக்குத் தமிழ் கொஞ்சம், நாய் விஷயத்தில் அது போதும். கஷ்டம் என்னவென்றால் அவர்கள் கிளம்பும் அதே நேரத்தில்தான் சீசன் ஆரம்பம். எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் ஏப்ரல், மே இரண்டு மாதமும் மாடி ரூமை டூரிஸ்டுக்கு விடுவார்கள், அல்லது வண்டி ஓட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வருடச் சம்பாத்தியமே அந்த எட்டு வாரம்தான். ஆக ஏப்ரலில் என் போர்டில் எல்லா லைனும் ஒரே நேரத்தில் டெட். அதனால் பிப்ரவரியிலேயே தத்துக் கொடுக்கும் வேலையை முடுக்கிவிடுவேன். கோயம்புத்தூர், திருப்பூரிலிருந்துதான் பெரும்பாலும் வருவார்கள். 2024 மே முதல் மலை ஏற இ-பாஸ் வேண்டும் என்றானதும், அதை எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுப்பதும் என் தலையில் விழுந்தது. எங்கள் குட்டி கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும், இரண்டு மணி நேரத்துக்குப் பட்டினி போட்டுக் கூட்டிப் போங்கள் என்று சொல்வதும்தான்.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசியில் நாலு குட்டிகள் வந்தன. ஏழு வாரம் இருக்கும், முதல் ஊசி மட்டும் போட்டிருந்தது. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, ஒருவர் கூப்பிட்டார். கண்ணாடி போட்ட வராண்டா, சுற்றிலும் சுவர், வீட்டில் எப்போதும் ஆள். தேதி சொன்னார், ‘ஆனா’வும் சொன்னார்: “ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முன்னாடி எடுத்துக்கணும், வீடு நிறைய ஆள் வருவாங்க.” இதைவிட நல்ல வீடு அந்த வருடம் எனக்குக் கிடைக்கவில்லை. சந்தோஷமாக அனுப்பினேன். ஆறாம் நாள் காலையில் போன். ஒன்று சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது. மதியம் இன்னொன்று. ராத்திரிக்குள் ரத்தபேதி. பார்வோ, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய். அதன் நாற்றம் மூக்கில் ஏறினால் மறக்காது. அவர் போனில் சொல்லும்போதே எனக்கு இங்கே அடித்தது. டிரிப்ஸ் ஏற்றினோம். மூன்று செத்தன. ஒன்று பிழைத்தது, அதற்கு வர்க்கி என்று பெயர். இரண்டாம் குட்டியைப் புதைத்துவிட்டு வந்து அவர் சொன்னார்: “எங்க ஜிம்மியும் ஆனி மாசம் இப்படித்தான் மேடம் போச்சு. அதே வராண்டாலதான்.”

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், ஈரமும் நிழலும் இருந்தால் ஒரு வருடம்கூட. எங்கள் மலையில் ஈரத்துக்கும் நிழலுக்கும் என்ன பஞ்சம்? சிமெண்ட் தரையை ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊறவிட்டுக் கழுவலாம். வராண்டாவைத் தாண்டி இருந்த பூந்தோட்டத்து மண்ணை என்ன செய்ய முடியும்? குட்டிகள் விளையாடியதே அங்கேதான்.

அதன்பிறகு ஒரு கேள்வி சேர்ந்தது. ஆனால் அதை எப்படிக் கேட்பது? உதவி செய்ய முன்வந்த மனுஷரிடம் “உங்க வீட்ல போன வருஷம் ஏதாவது செத்துச்சா?” என்று கேட்டால் போனை வைத்துவிட்டுத் தலைமுழுகப் போவார். நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக் கடைசியில் பிடித்தது இது: “முன்னாடி நாய் வளர்த்திருக்கீங்களா? அது இப்போ எங்கே?”

இந்தக் கேள்விக்கு ஜனங்கள் சொன்ன பதில்களை எழுதினால் தனி நோட்டு வேண்டும். “வயசாகி போன மாசம்தான்க்கா…” என்று அழுதவர்கள் உண்டு. “தெரியலை, ஒருநாள் காணோம்” என்று சர்வசாதாரணமாகச் சொன்னவர்களும் உண்டு. இங்கே ‘காணோம்’ என்றால் பெரும்பாலும் சிறுத்தை. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் நாய்தான் அதற்குச் சுலபமான சாப்பாடு, அதிலும் வாசலில் சங்கிலி போட்டுக் கட்டிய நாய். ஓட வழியில்லாமல் நாமே கட்டி வைத்துக் கொடுப்பது போல. அதனால் “ராத்திரி எங்கே படுக்கும்?” என்பதும் என் நோட்டில் உண்டு. “வாசல்ல, நல்லா சாக்கு போட்டு” என்றால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் குட்டி தரமாட்டேன். கோபித்துக்கொள்வார்கள். ஒருவர், “நாயை வீட்டுக்குள்ள விடறதா, எங்க வழக்கத்துலயே இல்லை” என்றார். சரிங்க, உங்கள் வழக்கம் உங்களுக்கு என்று வைத்துவிட்டேன்.

போனில் நான் நடத்திய பிரசவ வார்டு ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். போன மார்கழி, ராத்திரி பதினொன்று. அருவங்காட்டு குவார்ட்டர்ஸ் பொண்ணு ஒருத்தி, காலேஜ் இரண்டாம் வருடம். கண் திறக்காத குட்டி ஒன்றைச் சாயங்காலம்தான் அவளிடம் கொடுத்திருந்தோம். “அக்கா, பால் குடிக்க மாட்டேங்குது, கத்தவும் இல்லை.” குரல் நடுங்கியது.

“வாய்க்குள்ள சுண்டுவிரலை விட்டுப் பாரு. எப்படி இருக்கு?”

“ஜில்லுன்னு இருக்குக்கா.”

“அப்ப பாலைக் கீழே வை. ஒரு சொட்டு கொடுக்காதே.”

இது எல்லோரும் தப்பு செய்யும் இடம். குளிர்ந்து போன குட்டிக்குப் பால் செரிக்காது. உறிஞ்சவும் தெம்பிருக்காது, நுரையீரலுக்குள் போய்விடும். பிறந்து இரண்டு வாரம்வரை அதற்குச் சொந்தமாகச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது, தாயும் கூடப்பிறந்ததுகளும்தான் அடுப்பு. அவளிடம் ஹாட் வாட்டர் பேக் இருந்தது. டவலில் இரண்டு சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் வைக்கச் சொன்னேன். சூடு அதிகமானால் நகர்ந்து போக மறுபக்கம் இடம் வேண்டுமே. குட்டியை அவள் ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவசரப்படுத்தாமல் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். முக்கால் மணி நேரம் போனை வைக்காமல் இருந்தேன். நடுவில் அவள் செமஸ்டர் பற்றிப் பேசினோம், அவள் அம்மா நைட் ஷிஃப்ட் முடிந்து எப்போது வருவார் என்று பேசினோம். பன்னிரண்டுக்கு மேல் விரலை மறுபடி விடச் சொன்னேன். “சூடா இருக்குக்கா. விரலைச் சப்புது!”

அதற்கப்புறம் பால். குட்டிகளுக்கான பால்பொடி, வெதுவெதுப்பாக. பசும்பால் பேதியில் விடும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. “கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் போடாதே. குப்புறப் படுக்க வை, தலை மட்டும் கொஞ்சம் தூக்கலா. அது தாய்கிட்ட அப்படித்தான் குடிக்கும்.” குடித்து முடித்ததும் பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து அடிவயிற்றைத் தடவச் சொன்னேன். தாய் நக்கிவிட்டால்தான் அதுகளுக்கு ஒன்றுக்கு வரும் என்பது நாய் வளர்த்த நிறையப் பேருக்கே தெரியாது. “அக்கா, போயிருச்சு, என் யூனிஃபார்ம் மேல!” என்று அவள் சிரித்த சிரிப்பு ரொம்ப நாள் காதில் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். மறுநாள் முதல் தினமும் காலையில் சமையல் தராசில் வைத்து எடையை மெசேஜ் அனுப்புவாள். குட்டி விளையாடுகிறதா, அழகாக இருக்கிறதா என்பதையெல்லாம் நான் கேட்கவே மாட்டேன், கிராம் எவ்வளவு என்று மட்டும் கேட்பேன். ஒரு நாள் ஏறாவிட்டாலே கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போகச் சொல்லிவிடுவேன்.

கடி விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907 முதல் இங்கேதான் இருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று எங்கள் அப்பா சொல்லிப் பயமுறுத்தி வளர்த்தார். இப்போது கையில் நாலோ ஐந்தோ, வலியும் இல்லை. ஆனாலும் ‘குட்டிதானே, பால்பல்தானே’ என்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கீறல் பட்டாலும் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. இதில் நான் கறார். குழந்தைகள் இருக்கும் வீட்டில் குழந்தையையும் போனில் கூப்பிட்டுச் சொல்வேன், பிராண்டினால் அம்மாவிடம் மறைக்காதே, குட்டியை யாரும் அடிக்கமாட்டார்கள் என்று. குட்டிக்கு அடி விழும் என்று பயந்துதான் பிள்ளைகள் மறைக்கும்.

இனி ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டி என்றாலும் அறுபத்தைந்துக்குள்தான் இருக்கும், கொழுந்து பறித்துப் பறித்து முதுகு வளைந்துவிட்டது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி சிலோனிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்திறங்கியவர். நாங்கள் லைன் வீடு என்போம், அவர் இன்னும் ‘லயம்’ என்றுதான் சொல்வார். அவரே கூப்பிட்டார். பேக்கரியில் ஒட்டியிருந்ததைப் பேத்தி படித்துச் சொன்னாளாம்.

“ராத்திரி எங்கே படுக்கும்?”

“எங்கூடத்தான் புள்ள. வேற எங்க?”

“முன்னாடி இருந்த நாய் இப்போ எங்கே?”

“சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டையும்.”

பேனாவை மூடினேன். நைசாக மறுத்துவிட நினைத்து, “எடம் கொஞ்சம் டேஞ்சர் போலிருக்கேம்மா, பார்த்துக்கலாம்” என்றேன். பாருங்கள், நானே அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் விடவில்லை. “அதனாலதான் புள்ள சின்னதா கேக்கறேன். சின்னது கதவைத் தாண்டாது. மூணு மாசம் ஆச்சுன்னா நீ எடுத்துக்க. அதுக்கு மேல வெளிய ஓடும், நான் வச்சுக்க மாட்டேன்.” தேதி இருந்தது, ‘ஆனா’வும் இருந்தது.

கொடுத்தேன். முதல் ஜோடியைச் சரியாகத் தொண்ணூறாம் நாள் அவரே கொண்டுவந்தார். கொழுந்துக் கூடைக்குள் போர்வை, மேலே ஈரிழைத் துண்டு, அரசு பஸ். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டாராம், அதைக் காப்பகத்துக் கணக்கில் எழுதச் சொல்லி என்னிடம் நீட்டினார். ஃபாஸ்டர் கொடுத்த குட்டியை விட மனம் வராமல் ‘இன்னும் சளி இருக்குக்கா’, ‘இன்னும் ஒரு வாரம்க்கா’ என்று இழுப்பவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். அவர்கள் வீட்டிலேயே அது தங்கிவிடும், எனக்கு ஒரு நாய்க்கு வழி பிறக்கும், ஒரு ஃபாஸ்டர் வீடு போய்விடும். பாட்டி கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, “வேற இருக்கா?” என்றார்.

இதுவரை பதினாலு குட்டிகள் அவர் கதகதப்பில் வளர்ந்துவிட்டன. பெயர் வைக்க மாட்டார். பெயர் வைத்தால் பிறகு கூப்பிடத் தோன்றுமாம். எல்லாமே ‘தே’, ‘இந்தா’, ‘அடியே’தான். ஆனால் ஒவ்வொன்றும் எங்கே போனது என்று கேட்காமல் போனை வைக்கவும் மாட்டார். போன வாரம், “அந்தக் காது மடங்கினது?” என்றார். அது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் வீட்டில் இருக்கிறது, ஏசி ரூமில் மெத்தை போட்டுப் படுக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “ஏசியா? ஏன், அதுக்குக் குளிருமே” என்றார்.

இந்த எழுத்தை முடித்துவிட்டு மறுபடி நோட்டை எடுக்க வேண்டும். நேற்று சேரம்பாடி லாரியில் வந்த ஐந்து குட்டிகள், பத்து நாள் வயது இருக்கும். அருவங்காட்டுப் பொண்ணுக்குப் பரீட்சை, 12-ந் தேதிக்கு மேல்தான் முடியும், தெளிவாகச் சொல்லிவிட்டாள். வெலிங்டனில் ஒரு புது வீடு, இரண்டு எடுத்துக்கொள்வார்கள். பாட்டிக்கு இரண்டு. ஒன்று மீதி. ஒருவர் காலையில் “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்றிருக்கிறார். எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.